வண்டிக்குத் தெரிந்த இரண்டு சாவிகள்

சாவி படம் போட்ட அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால், பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில். சாவியைப் போட்டுத் திருப்பினால் ஒரு நொடி எரிந்துவிட்டு அணைந்துவிடும். அணைந்தால் வண்டி நம்மை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் அலுவலகம் கிளம்பும்போது அது அணையவில்லை. மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜின் ஒரு தடவை உறுமிவிட்டு உடனே நின்றது. நானும் சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம். என் வண்டி, என் சாவி, வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறவளும் நான். ஆனால் நீ யார் என்று அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். உன் இருக்கையில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. நீ இருந்திருந்தால் இறங்கிப் போய் முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்திருப்பாய். அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. ஆனாலும் உதைத்துவிட்டு, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, போகிற வழியெல்லாம் வண்டியைத் திட்டிக்கொண்டு வந்திருப்பாய். நான் சிரித்திருப்பேன். எனக்கு இப்போது காலையில் சிரிப்பு வருவது குறைந்துவிட்டது.

மோதி பாக் பக்கத்துப் பணிமனையிலிருந்து இர்ஃபான் என்று ஒரு மெக்கானிக் வந்தான். நீ அவனைப் பார்த்ததில்லை. நீ போன பிறகு கிடைத்தவன். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். பானெட்டைத் திறந்ததுமே "எலி, தீதி" என்றான். எல்லாப் பெண்களும் அவனுக்கு அக்காதான். நம் லக்ஷ்மிபாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகளை இடிக்கிறார்கள் அல்லவா, அங்கே குடியிருந்த எலிகளெல்லாம் வண்டிகளுக்குள் குடிவந்துவிட்டன. அவற்றுக்கென்ன, வீடு கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒயரைக் கடித்துக் கடித்து, அவை ஒன்றோடொன்று உரசி, சாவியைச் சோதிக்கிற பெட்டியே போய்விட்டதாம். திருடன் வந்தால் இன்ஜினை ஓடவிடாமல் பூட்டி வைக்கிற பெட்டி. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டுத்தான் அந்தப் பெட்டி வழி விடும்.

"புதுப் பெட்டி போட வேண்டும். புதுசுக்கு எந்தச் சாவியையும் தெரியாது. எல்லாச் சாவியையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள், அறிமுகம் செய்துவைக்கிறேன். அன்றைக்கு வராத சாவியை வண்டி சேர்த்துக்கொள்ளாது" என்றான் இர்ஃபான். அவன் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும், நேரில் கேட்டிருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாய்.

"மொத்தம் எத்தனை சாவி தீதி?"

"ரெண்டு" என்றேன்.

"இன்னொன்றை வைத்து யார் ஓட்டுகிறார்கள்?"

என் சிநேகிதி என்று சொல்லிவிட்டேன். ஓட்டுகிறாள் என்றும் சொல்லவில்லை, ஓட்டினாள் என்றும் சொல்லவில்லை.

இந்த வண்டியை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? காலனியிலிருந்து மத்திய அரசுச் செயலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சார்ட்டர்ட் பஸ் நின்றுபோனதும், நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கார் வாங்கப் போகிறோம் என்று அறிவித்தபோது காலனியே கூடிச் சிரித்தது. ஒரு காருக்கு இரண்டு சொந்தக்காரிகளா, அதுவும் ஒருத்தி தஞ்சாவூர், ஒருத்தி திருநெல்வேலி, ஆறு மாதம் தாங்காது என்றார்கள். பதிவை என் பெயரில் செய்யச் சொன்னவள் நீதான். உன் பெயரில் போட்டால் உன் வீட்டுக்காரர் ஓட்ட ஆரம்பித்துவிடுவார், அப்புறம் நமக்கு வண்டி கிடைக்காது என்பது உன் கணக்கு. அவரும் பாவம், பக்கத்திலேயே நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடையில் வண்டியைக் கொடுத்தவன் ஒரு சிவப்புப் பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்து, "இது மெயின், இது ஸ்பேர்" என்றான். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, எதை வைத்து ஒன்றை ஸ்பேர் என்கிறாய் என்று அவனைப் பிடித்துக்கொண்டாய். அவன் முழித்தான். நீ இரண்டையும் வாங்கிக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கலைத்துவிட்டு, இரண்டு முஷ்டியையும் என் முன்னால் நீட்டினாய்.

"தொடுடி. எது வருதோ அது உன்னுது. இங்க ஸ்பேர்னு யாரும் கிடையாது."

நான் இடது கையைத் தொட்டேன். அப்படித்தான் என் சாவி எனக்கு வந்தது, உன் சாவி உனக்குப் போனது.

காலையில் ஓட்டுகிறவள் மாலையில் ஓட்டக் கூடாது, சும்மா உட்கார்ந்திருப்பவள் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம். முதல் சட்டம் கடைசி வரை இருந்தது. இரண்டாவது அன்றைக்கே போய்விட்டது. "கிளட்ச்ச விடுடி, அது ஒண்ணும் உன்னக் கடிக்காது" என்பாய். "நான் பாத்து ஓட்டுதேன், நீ வாய மூடிட்டு வாரியா?" என்பேன் நான். "ஓட்டுதாளாம், ஓட்டுதா!" என்று என் பேச்சை எனக்கே திருப்பிப் பழித்துக் காட்டுவாய். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர்கள் நாம் அடித்துக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்ப்பார்கள்.

நித்யாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதே வண்டியில்தான். உன் பெண் பிரேக்கைத் தொட்டதைவிட உன் கத்தலில் அழுததுதான் அதிகம். ஆனால் நம் இரண்டு பேரையும்விட நன்றாக ஓட்டினாள். அவளுக்கென்று ஒரு சாவி வேண்டும் என்று நீதான் ஆரம்பித்தாய். சரோஜினி நகர் மார்க்கெட் முனையில் மரத்தடியில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவனிடம் உன் சாவியைக் கொடுத்து, அச்சு அசலாக இன்னொன்று வெட்டி வாங்கி வந்தாய். ஒரு வாரமாவது என்னிடம் பீற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது. கதவு அழகாகத் திறந்தது. இன்ஜின் ஒரு உறுமலோடு அடங்கியது. நீ விடுகிற ஆளா? மறுநாள் அவனிடம் போய், "பாயி சாப், இது என்ன சாவி? கதவைத் திறக்குது, வண்டியைக் கிளப்பலையே" என்று சண்டை. அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, தலைக்குள்ளே கம்ப்யூட்டர் வைத்த சாவியை யாரும் மரத்தடியில் வெட்டுவதில்லை என்று விளக்கினான். சுற்றி நின்று துணி வாங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் உனக்குத் தெரிந்தவள் மாதிரியே காட்டிக்கொள்ளாமல் வளையல் கடைப் பக்கம் நழுவிவிட்டேன். அன்றிலிருந்து நித்யா உன் சாவியைத்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு போவாள்.

அதனால்தானோ என்னவோ, ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்தபோது நீ அந்தச் சாவியை அவள் கையில் கொடுத்தாய். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

நீ போனதும் வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. குவார்ட்டர்ஸ் உன் வேலைக்காகக் கொடுத்தது. உன் வீட்டுக்காரர் கும்பகோணத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். நித்யா குர்கானில் ஆபீஸ் பக்கத்திலேயே பி.ஜி. என்கிற பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொண்டாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். பிறகு போன் செய்தாள். பிறகு செய்தி அனுப்பினாள். இப்போது நான் எதையாவது அனுப்பினால் ஒரு கட்டை விரல் படம் வரும். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வயதில் நானும் யாருக்கும் போன் செய்ததில்லை. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? எனக்குத் தனியாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்வதில்லை. அலுவலகத்தில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்குத் தனிமை பழகியிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உன்னோடு பேசிப் பேசித்தான் எனக்கு அது தெரியாமல் இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எதிர் பிளாக்கில் உன் வீட்டில் இப்போது ஹரியானாக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது. நல்லவர்கள். பார்த்தால் நமஸ்தே சொல்கிறார்கள்.

சனிக்கிழமை புதுப் பெட்டி மாட்டுவதாக இர்ஃபான் சொன்னதும் நித்யாவைக் கூப்பிட்டேன். போனை எடுத்ததே பெரிய விஷயம். எலி கடித்த கதையைச் சொல்லி, மோதி பாக் பணிமனைக்குச் சாவியைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அம்மா சாவி வேலை செய்யாமல் போய்விடும் என்றேன்.

லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "வேணாம் ஆன்ட்டி. டெலீட் பண்ணிடச் சொல்லுங்க. நான் எங்க ஓட்டப் போறேன்? உங்க சாவி ஒண்ணு போதும்ல?" என்றாள்.

"ஏட்டி, அது உங்க அம்ம சாவி."

"தெரியும் ஆன்ட்டி. மீட்டிங் இருக்கு. பாத் மே கால் பண்றேன்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்றவள் கூப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. தோசைக்கல்லைக் கழுவுகிற சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனாள். இர்ஃபானும் அதையேதான் சொன்னான். யாரும் ஓட்டாத சாவி வெளியே சுற்றிக்கொண்டிருப்பது ஆபத்து, யார் கையிலாவது கிடைத்தால் வண்டி போய்விடும், எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றான். அவர்கள் சொல்வதெல்லாம் நியாயம்தான். எனக்குத்தான் அந்த நியாயம் வேண்டியிருக்கவில்லை. உன் சாவி இந்த வண்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியை அவன் முன்பே கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தான். சனிக்கிழமை பணிமனைக்குத் தனியாகத்தான் போனேன். இர்ஃபான் புதுப் பெட்டியை மாட்டி, கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு எதையெதையோ அமுக்கினான். என் சாவியைப் போட்டுத் திருப்பச் சொன்னான். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. இன்ஜின் ஓடியது. நான் அப்படியே கிளம்பப் பார்த்தேன்.

"இருங்கள் தீதி, இன்னும் சோதிக்கவே இல்லை" என்றான். "சரியான சாவிக்கு ஓடுவது பெரிதில்லை. தப்பான சாவிக்கு ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் வேலை."

அவன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து பராட்டா சுற்றி வந்த வெள்ளித் தாளைக் கிழித்து, என் சாவியின் தலையைச் சுற்றி இறுக்கினான். தாள் சுற்றினால் சில்லு பேசுவது வெளியே கேட்காதாம். திருப்பினான். விளக்கு மினுக்கியது. இன்ஜின் உறுமி நின்றது. அவனுக்கு ஒரே சந்தோஷம். தாளைப் பிரித்துவிட்டுத் திருப்பினான், ஓடியது. மறுபடி சுற்றினான், நின்றது. வேலை முடிந்தது, இனி எந்தத் திருடனும் இதைக் கிளப்ப முடியாது என்று கையைத் துடைத்துக்கொண்டான். சாவியில் நெய் வாசனை அடித்தது.

ஆக, ஒரே சாவி. வண்டி முழுக்க முழுக்க என்னுடையது. அப்படி ஆகும் என்று நாம் என்றைக்கும் நினைத்ததில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார எனக்கு மனசே வரவில்லை. பணிமனை வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் லேப்டாப் பையோடு நித்யா இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் இர்ஃபான் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டான். அவனுக்கு நம் கதை எதுவும் தெரியாது. அடடா, இதே வண்டியின் இன்னொரு சாவியா, வெள்ளித் தாளெல்லாம் சும்மா ஏமாற்று வேலை, இதை வைத்துப் பார்த்தால்தான் உண்மையான சோதனை, ஏறி உட்காருங்கள், திருப்புங்கள் என்று அவளை அவசரப்படுத்தினான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து திருப்பினாள்.

விளக்கு மினுக்கியது. இன்ஜின் நின்றது.

"பர்ஃபெக்ட்!" என்று கைதட்டினான் இர்ஃபான். "பாருங்கள், வண்டி சேர்க்கவே இல்லை!"

நித்யா இறங்கவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடி. சாவியை வெளியே எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அந்தச் சிவப்பு விளக்கு ஒரே மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் நீ ஓட்டிய வண்டி. உன் சாவி தப்பான சாவி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது, அது நல்ல வேலை என்று அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போதும்!" என்று கத்தினேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இர்ஃபான் இரண்டு அடி பின்னால் போய்விட்டான். இந்தச் சாவியையும் சேர், இப்போதே சேர் என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். இன்னொன்றை மட்டும் கூடுதலாகச் சேர்க்க முடியாதாம். பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து இரண்டையும் அறிமுகப்படுத்த வேண்டுமாம். நடுவில் கருவி நின்றுவிட்டால் இரண்டு சாவியும் போய்விடும், பெட்டியைக் கழற்றி அனுப்ப வேண்டி வரும், வண்டி இங்கேயே கிடக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றான்.

"வேணாம் ஆன்ட்டி" என்றாள் நித்யா. "உங்களுதும் போயிடும். நான்தான் லேட்டா வந்தேன். ஜானே தோ, விட்டுடுங்க."

"போனா போட்டும்" என்றேன். "அழிச்சிரச் சொல்லு."

அவன் எதையோ அமுக்கினான். என் சாவியைப் போட்டுக் காட்டினான், விளக்கு மினுக்கியது. கருவி யோசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிடங்கள் அந்த வண்டிக்கு உலகத்தில் யாரையும் தெரியாது. நானும் உன் பெண்ணும் வெயிலில் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றோம்.

"எல்லாத்துலேருந்தும் அம்மா பேர எடுத்துட்டாங்க ஆன்ட்டி" என்றாள் திடீரென்று. "பேங்க், கேஸ், போன், எல்லாம். அப்பாவால முடியல, எல்லாத்துக்கும் நான்தான் போய் சைன் போட்டேன். ஒவ்வொரு எடத்துலயும் டெலீட், டெலீட். நீங்க போன் பண்ணினப்ப அதே பழக்கத்துல சொல்லிட்டேன். சொன்னப்புறம் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்குக் காலைல மெட்ரோல ஏறி, நடுவுல எறங்கி, திரும்பி ரூமுக்குப் போய் சாவிய எடுத்துட்டு வந்தேன்."

"ஏம்மா நீ வாரதே இல்ல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"வரணும்னுதான் தோணும். காலனிக்குள்ள வந்தா நம்ம பால்கனில வேற யாரோட துணியோ காயுது. அத பாக்க முடியல ஆன்ட்டி. உங்க மேல ஒண்ணும் இல்ல. சச்சி, சத்தியமா."

நான் அதைத் தினமும் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், இவள் என்னை மறந்துவிட்டாள் என்று. இவளுக்கும் போக்கிடம் இல்லாமல்தான் அந்தப் பி.ஜி. அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

"முதலில் எந்தச் சாவி?" என்று இர்ஃபான் தயங்கித் தயங்கிக் கேட்டான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. உன்னுடையதைக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நித்யாவின் விரல்கள் என் கைக்குள் இறுகின. பிறகு அணைந்தது. அடுத்து என்னுடையது, அதுவும் அணைந்தது. இர்ஃபான் மறுபடி பராட்டா தாளை எடுத்து இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றிச் சுற்றி, ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்தான். கடைசியில் தாளில்லாமல் உன் சாவியை நித்யாவிடம் நீட்டினான். அவள் உட்கார்ந்து, சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே கிளம்பியது. அவள் ஆக்சிலேட்டரைத் தேவையில்லாமல் ஒரு மிதி மிதித்தாள், நீ செய்வாயே, அது மாதிரி. இர்ஃபான் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இறங்கியதும் சாவியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சுக்கோங்க ஆன்ட்டி. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும்."

"வேண்டாம். உன் கையில குடுத்தது உன் கையிலயே இருக்கட்டும். வண்டி எப்பவும் போல கேட்டுக்குப் பக்கத்துல வேப்ப மரத்தடியில நிக்கும். எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துட்டுப் போ. எங்கிட்டக் கேக்கணும்னு இல்ல. சொல்லக்கூட வேண்டாம்."

"நெஜமாவா?"

"பாதி வண்டி உங்க அம்மவுது. நான் என்ன கேக்க?"

"பக்கா ஆன்ட்டி. வரேன்" என்றாள். வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். யாரோ சிநேகிதிக்குப் பிறந்தநாள், காத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். மெட்ரோ வரைக்கும் விடுகிறேன் என்றேன், ஆட்டோ நிற்கிறது என்றாள். ஏறிக்கொண்டு, திரும்பிக் கையாட்டினாள். ஆட்டோ மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும் வரை நின்று பார்த்தேன்.

அப்புறம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சிக்னலில் கிளட்ச்சைச் சரியாக விடாமல் வண்டி நின்றுபோனது. பின்னால் இருந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். வண்டிக்குள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் நேராகவே சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, அடுத்த பச்சைக்குத்தான் வண்டியை எடுத்தேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. நீ சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். கறிவேப்பிலை வாங்கப் போனேன் என்பாய், கோவிலுக்குப் போனேன் என்பாய். நான் பால்கனியில் வந்து பார்த்தால் மரத்தடி காலியாக இருக்கும். எனக்கு அப்படி எரிச்சல் வரும். ஒரு போன் செய்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாய் என்று நீ திரும்பி வருகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது காலையில் எழுந்ததும் பாலை அடுப்பில் வைக்கும் முன்பே பால்கனிக்குப் போகிறேன். எந்தத் திருடனாலும் இந்த வண்டியை அசைக்க முடியாது என்று இர்ஃபான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். திருடனைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. மரத்தடி காலியாக இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்க்கிறேன். ஒரே ஒரு நாள், என்னிடம் கேட்காமல், சொல்லாமல், உன் சாவியைப் போட்டு யாராவது அதை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்களா என்று.

இன்று காலையும் பார்த்தேன். வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.